பாலையாவை நகைச்சுவை நடிகர் என்று மட்டும் எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், பழைய தமிழ்ப் படங்களின் நகைச்சுவைக் காட்சிகளைப் பற்றி அண்மையில் வெளியான கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். 'காதலிக்க நேரமில்லை' படத்தில் நாகேஷ் கதை சொல்லும் காட்சிக்கு அதில் ஒரு முழுப் பத்தி ஒதுக்கப்பட்டிருந்தது மகிழ்ச்சி அளித்தது. ஆனால், அந்தக் காட்சியின் மறுபாதியைத் தாங்கி நிற்கும் டி.எஸ்.பாலையாவைப் பற்றி, உடன் நடித்த நகைச்சுவை நடிகர் என்பதற்கு மேல் ஒரு சொல்லும் அக்கட்டுரையில் இல்லை. 36 ஆண்டுகள் திரையில் நின்ற ஒரு கலைஞரை இவ்வளவு சுருக்கமாகக் கடந்து போவது முறையாகாது என்று மனத்தில் பட்டதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். கட்டுரையாளரின் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. பாலையாவை இன்று பெரும்பாலோர் அப்படித்தான் அறிந்திருக்கிறார்கள். தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் திரும்பத் திரும்ப வரும் மூன்று நான்கு காட்சிகளே அவருடைய மொத்த வாழ்க்கை என்று ஆகிவிட்டது. கடிதம் சற்று நீண்டுவிட்டது. இடம் இருக்குமானால் முழுமையாக வெளியிட வேண்டுகிறேன்.

பாலையா 1914ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் நாள், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த சுண்டங்கோட்டையில் பிறந்தவர். இளம் வயதிலேயே நாடக மேடைக்கு வந்து, அங்கிருந்து திரைக்குச் சென்றவர். அவருடைய முதல் படம் 1936இல் வெளிவந்த 'சதி லீலாவதி'. ஆனந்த விகடனில் எஸ்.எஸ்.வாசன் எழுதிய தொடர்கதையை அடிப்படையாகக் கொண்டு, தமிழே அறியாத அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய படம் அது. எம்.ஜி.ஆர்., என்.எஸ்.கிருஷ்ணன், பாலையா ஆகிய மூவருக்கும் அதுவே முதல் படம் என்பதைப் பலரும் சொல்வார்கள். அப்படத்தில் எம்.ஜி.ஆருக்குக் கிடைத்தது ஒரு சிறிய காவல்துறை அதிகாரி வேடம் என்பதும், கதையின் முக்கியமான வில்லன் வேடம் 22 வயதுகூட நிரம்பாத பாலையாவுக்குக் கிடைத்தது என்பதும் அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. வசனம் புரியாத ஓர் இயக்குநர் ஒரு நடிகனை மதிப்பிட வேண்டுமானால், அவனுடைய முகத்தையும் நடையையும் கையசைவையும் கொண்டுதான் மதிப்பிட்டிருக்க முடியும். அந்தத் தேர்வில் பாலையா தேறினார் என்பதை, அடுத்த ஆண்டே டங்கன் இயக்கிய 'அம்பிகாபதி'யிலும் அவருக்கு வில்லன் வேடம் கிடைத்ததிலிருந்து உணரலாம்.

அவர் வளர்ந்த நாடக உலகத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லியாக வேண்டும். அது தெரியாமல் பாலையாவின் நடிப்பை முழுதாகப் புரிந்துகொள்ள இயலாது. சங்கரதாஸ் சுவாமிகள் போன்ற ஆசிரியர்களிடம் பாடம் கேட்ட பிள்ளைகள் நிரம்பிய பாய்ஸ் கம்பெனிகள் ஊர் ஊராகக் கொட்டகை போட்டு நாடகம் நடத்திய காலம் அது. ஒலிபெருக்கி பரவலாகாத அந்நாளில், கொட்டகையின் கடைசி வரிசையில் மணலில் அமர்ந்திருப்பவனுக்கும் சொல் விளங்க வேண்டும். விளங்காவிட்டால் அவன் சும்மா இருக்கமாட்டான். பாட்டு, வசனம், கத்திச்சண்டை, ஆட்டம் ஆகிய எல்லாவற்றையும் வாத்தியார் முன்னால் ஒப்பிக்க வேண்டும். மகரக்கட்டு வந்து குரல் உடைந்துவிட்டால், அதுவரை நாயகியாகவோ ராஜபார்ட் என்னும் நாயகனாகவோ கொடிகட்டிப் பறந்த பிள்ளைகூட ஒரே நாளில் ஓரத்துக்குத் தள்ளப்படும். ஸ்பெஷல் நாடகம் என்றழைக்கப்பட்ட மற்றொரு வகையிலோ, வெவ்வேறு ஊர்களிலிருந்து வரவழைக்கப்பட்ட நடிகர்கள் ஒத்திகையே இல்லாமல் மேடையில்தான் ஒருவரையொருவர் சந்திப்பார்கள். எதிரே நிற்பவர் பாடத்தில் இல்லாத ஒரு சொல்லைப் போட்டால், அதை வாங்கி அந்த நொடியிலேயே பதில் கொடுத்தாக வேண்டும். இரவு முழுவதும் நடந்து விடியற்காலையில் முடியும் அந்த நாடகங்களில், தன் வசனத்தை நன்றாகச் சொன்னவன் நடிகன் என்று பெயர் எடுத்தான். எதிராளியின் வசனத்தை நன்றாகக் கேட்டவனே நிலைத்து நின்றான். இந்தக் கேட்கும் திறனைப் பற்றிப் பின்னர் விரிவாகச் சொல்கிறேன்.

'அம்பிகாபதி' எம்.கே.தியாகராஜ பாகவதரின் பாடல்களுக்காகவும் இளங்கோவனின் வசனத்துக்காகவும் பேசப்படும் படம். பாலையாவுக்கு அதில் ருத்ரசேனன் என்னும் பகைவன் வேடம். நாயகன் பாடத் தொடங்கினால் கொட்டகையே மயங்கிக் கிடந்த காலத்தில், அந்த நாயகனுக்கு எதிரே வாளோடு நின்று மக்களின் வெறுப்பைத் தேடிக்கொள்வது எளிய வேலையாக இருந்திருக்க முடியாது. அதன் பின்னர் ஏறத்தாழ 20 ஆண்டுகள் தமிழ்ப் படங்களில் நயவஞ்சகம், பொறாமை, பேராசை, ஆணவம் என்றால் முதலில் நினைவுக்கு வரும் முகங்களில் ஒன்று பாலையாவின் முகமாக இருந்தது. எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த 'ராஜகுமாரி' 1947இல் வெளிவந்தபோது, அதில் வில்லன் பாலையாதான். 11 ஆண்டுகளுக்கு முன் ஒரே படத்தின் வழியாகத் திரைக்கு வந்த இருவரும் அதில் நேருக்கு நேர் நின்றார்கள். மறு ஆண்டு வந்த 'மோகினி'யில், எம்.ஜி.ஆரோடு இணையான நாயக வேடத்திலேயே பாலையா நடித்தார். நாயகனாக நீடிக்கும் வாய்ப்பு அவருக்கு இல்லாமல் இல்லை என்பதற்கு இப்படமே சான்று. ஆயினும் அவர் நாயக வேடங்களைத் தேடி அலையாமல், கிடைத்த வேடத்தை நிறைவாகச் செய்யும் வழியிலேயே போனார் என்றுதான் அடுத்து வந்த படங்கள் காட்டுகின்றன.

அவற்றில் முதலில் குறிப்பிட வேண்டியது 1949இல் வெளிவந்த 'வேலைக்காரி'. அறிஞர் அண்ணாவின் நாடகம், ஏ.எஸ்.ஏ.சாமியின் இயக்கத்தில், ஜூபிடர் நிறுவனத்தின் படமாக வந்தது. தன் தந்தையைத் தூக்கில் தொங்கும் நிலைக்குத் தள்ளிய வேதாசல முதலியாரைக் கொல்லக் கத்தியோடு கிளம்பும் ஆனந்தனாக கே.ஆர்.ராமசாமி நடித்தார். அவரைத் தடுத்து, கத்தியைத் தீட்டாதே, புத்தியைத் தீட்டு என்று சொல்லித் திருப்பும் நண்பன் மணியாக பாலையா நடித்தார். அந்த ஒரு வரி படத்தை விட்டு வெளியேறி, மேடைப் பேச்சுகளில் புகுந்து, ஓர் அரசியல் இயக்கத்தின் சொத்தாகவே மாறிப்போனது. இன்றைக்கும் பட்டிமன்றங்களில் கேட்கிறோம். அதை முதலில் திரையில் சொன்ன வாய், அதுவரை வஞ்சகனாகவே மக்கள் பார்த்துப் பழகிய பாலையாவின் வாய். ஒரு வில்லன் நடிகர் அறிவுரை சொன்னால் மக்கள் சந்தேகப்படுவார்கள் என்ற பயம் இயக்குநருக்கு இல்லை. சூழ்ச்சி அறிந்தவன் சொல்வதால்தான் அந்த யோசனைக்கு ஒரு கனம் கூடியது என்பது என் எண்ணம். பகைவனைச் சூழ்ச்சியால் வெல்லலாம் என்று ஓர் அப்பாவி சொன்னால் யார் நம்புவார்கள்?

1954இல் வந்த 'தூக்குத் தூக்கி'யில் அவர் ஏற்ற வடநாட்டுச் சேட்டு வேடம் அவருடைய வாழ்க்கையில் ஒரு திருப்பம். சிவாஜி கணேசனும் லலிதா, பத்மினி, ராகினி ஆகிய மூன்று சகோதரிகளும் நடித்த அந்தப் படத்தில், இன்னொருவன் மனைவியை வசப்படுத்தும் கெட்டவன் அவர். கதைப்படி பார்த்தால் அருவருப்பூட்ட வேண்டிய மனிதன். ஆனால் அரைகுறைத் தமிழில் நம்பள், நிம்பள் என்று இழுத்து இழுத்துப் பேசி அவர் உலவிய விதத்தில், மக்கள் வெறுத்துக்கொண்டே சிரித்தார்கள். ஒரு சமூகத்தவரின் பேச்சைக் கேலிக்கு எடுத்துக்கொள்ளும் அந்தப் பழக்கத்தை இன்று நாம் அப்படியே ஏற்கமாட்டோம், ஏற்கவும் வேண்டியதில்லை. நான் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. அந்த வேடத்தில் பாலையா சிரிப்பு மூட்டுவதற்காகத் தனியாக எதையும் செய்யவில்லை. அந்தச் சேட்டின் ஆசையை முழு மனத்தோடு நடித்தார். அந்த ஆசை அவ்வளவு பெரிதாகவும் அவனுடைய அறிவு அவ்வளவு சிறிதாகவும் இருந்ததால் சிரிப்பு தானாக வந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து 'மதுரை வீரன்' படத்தில் நரசப்பனாக வந்து அதே கெட்ட ஆசையைச் சிரிப்பின் சாயல் படியாமல் நடித்துக் காட்டினார். இரண்டு வேடங்களுக்கும் அடித்தளம் ஒன்றுதான்.

இக்கடிதத்தில் நான் வற்புறுத்த விரும்புவதும் இதுவே. பாலையா முதல் பாதியில் வில்லன், பிற்பாதியில் நகைச்சுவை நடிகர் என்று இரண்டாகப் பிரிப்பது வசதியான கணக்கு. அவர் நடித்த நகைச்சுவை வேடங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அவை எல்லாவற்றுக்குள்ளும் பழைய வில்லன்தான் உட்கார்ந்திருக்கிறான். பணத்தாசை, வித்துவச் செருக்கு, செய்த குற்றம் வெளிப்பட்டுவிடுமோ என்ற அச்சம் ஆகியவற்றை 20 ஆண்டுகள் கொடியவனின் குணங்களாக நடித்துப் பழகியவர், அறுபதுகளில் அவற்றையே நம் வீட்டு மாமாவின் குணங்களாக, பக்கத்து வீட்டுப் பெரியவரின் குணங்களாக நடித்தார். சிரிக்க வைக்க வேண்டும் என்று அவர் முயன்றதாக எனக்கு எந்தக் காட்சியிலும் தெரியவில்லை.

இந்த மாற்றத்துக்கு நடுவில் நிற்கும் படம் 1960இல் ஏவி.எம். தயாரித்த 'களத்தூர் கண்ணம்மா'. கமல்ஹாசன் குழந்தை நட்சத்திரமாக அறிமுகமான படம் என்றே அதை நினைவில் வைத்திருக்கிறோம். அதில் தன் மகனையும் அவன் மணந்த ஏழைப் பெண்ணையும் பிரித்துவைக்கும் ஜமீன்தாராக பாலையா நடித்தார். பத்து ஆண்டுகளுக்கு முன்பாக இருந்தால் அந்த ஜமீன்தார் வெறும் கொடியவனாக முடிந்திருப்பார். இங்கே அந்தஸ்து என்ற ஒன்றை உண்மையாகவே நம்பி, அந்த நம்பிக்கையால் தன் குடும்பத்தையே குலைத்துவிட்ட ஒரு தகப்பனைப் பார்க்கிறோம்.

இனி, தங்கள் கட்டுரை குறிப்பிட்ட அந்தக் காட்சிக்கு வருகிறேன். ஸ்ரீதர் இயக்கி 1964இல் வெளிவந்த 'காதலிக்க நேரமில்லை'யில் பாலையாவுக்கு விஸ்வநாதன் என்னும் எஸ்டேட் முதலாளி வேடம். மகன் செல்லப்பாவாக நாகேஷ். ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் என்று ஒரு படக் கம்பெனியைத் தொடங்கிவிட்டு, அப்பாவிடமிருந்து பணம் கறப்பதற்காக அவருக்கு ஒரு திகில் கதையைச் சொல்கிறான் மகன். நாகேஷ் அங்கும் இங்கும் நடக்கிறார், குனிகிறார், குரலை இறக்குகிறார், கதவு திறக்கும் ஓசையையும் காலடி ஓசையையும் வாயாலேயே எழுப்புகிறார். அவர் செய்வதெல்லாம் அற்புதம். அதை மறுப்பவர் யாரும் இருக்க முடியாது. ஆனால் தயவுசெய்து அடுத்த முறை அந்தக் காட்சியைப் பார்க்கும்போது, நாகேஷின் மேல் வைத்த கண்ணை எடுத்து, உட்கார்ந்திருக்கும் மனிதரின் மேல் மட்டும் வைத்துப் பாருங்கள். 

அவர் முதலில் ஒரு முதலாளியாக உட்கார்ந்திருக்கிறார். பிள்ளை என்ன உளறப் போகிறானோ என்ற அலட்சியம் முகத்தில் இருக்கிறது. கதை தொடங்கியதும் அலட்சியம் மெல்ல விலகி, கேட்டுத்தான் பார்ப்போமே என்ற நிலைக்கு முகம் வருகிறது. பிறகு, இருட்டு, தனிமை, ஓசை என்று கதை இறங்க இறங்க, அந்தப் பெரிய உடம்பு அவருக்கே தெரியாமல் நாற்காலிக்குள் சுருங்கத் தொடங்குகிறது. கண்கள் மகனை விட்டு அகல மறுக்கின்றன. ஓர் ஓசை வந்ததும் தூக்கிவாரிப் போடுகிறது. உடனே தான் பயந்ததை மறைத்துக்கொள்ள வேண்டும் என்ற முதலாளியின் கௌரவம் அரை நொடி எட்டிப் பார்க்கிறது. அடுத்த ஓசையில் அந்தக் கௌரவமும் போய்விடுகிறது. வசனம் என்று பார்த்தால் அவருக்கு அங்கே மிகவும் குறைவு. நாகேஷ் எழுப்பும் அந்த ஓசைகள் நமக்கு வெறும் வாய் ஓசைகள்தாம்; அவற்றுக்கு ஒரு மாளிகையையும் இருட்டையும் பேயையும் உண்டாக்கிக் கொடுப்பது பாலையாவின் முகம். அவர் பயப்படவில்லை என்றால் கதை இல்லை. அவர் சிரித்துவிட்டால் காட்சியே இல்லை. இதைத்தான் முன்பு மேடையில் கேட்கக் கற்றவர் என்று சொன்னேன்.

இந்தப் படத்தை இந்தியில் எடுத்தபோது, மகனாக மெஹ்மூதும் தந்தையாக ஓம் பிரகாஷும் நடித்தார்கள். மெஹ்மூதுக்குச் சிறந்த நகைச்சுவை நடிப்புக்கான பிலிம்பேர் விருது கிடைத்தது. கதை சொன்னவருக்கு விருது கிடைப்பதும் கதை கேட்டவருக்குக் கிடைக்காததும் எந்த மொழியிலும் நடப்பதுதான் போலும்.

அதே படத்தில் இன்னொரு பகுதியையும் குறிப்பிட வேண்டும். தான் வேலையை விட்டு நீக்கிய இளைஞன் வீட்டு வாசலில் கூடாரம் போட்டுப் போராடும்போது கொதிக்கும் அதே விஸ்வநாதன், அவன் பெரும் கோடீஸ்வரரின் மகன் என்று கேள்விப்பட்டதும் குழைந்துபோகிறார். முத்துராமன் கிழவர் வேடம் போட்டு அந்தக் கோடீஸ்வரராக வந்து நிற்க, அவரிடம் பாலையா காட்டும் பணிவு இருக்கிறதே, அதில் ஒரு துளிகூட நடிப்பு என்று தோன்றாது. பணத்தின் முன் வளையும் முதுகை அவர் எத்தனையோ படங்களில் வில்லத்தனமாகக் காட்டியிருக்கிறார். இங்கே அதே முதுகு வளைகிறது, நாம் சிரிக்கிறோம்.

அடுத்த ஆண்டு ஏ.பி.நாகராஜனின் 'திருவிளையாடல்' வந்தது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் வரும் விறகு விற்ற படலத்தைத் தழுவிய பகுதியில், வடநாட்டிலிருந்து வந்து பாண்டிய நாட்டின் இசையையே சவாலுக்கு இழுக்கும் ஹேமநாத பாகவதராக பாலையா நடித்தார். சபையில் அவர் பாடும் 'ஒரு நாள் போதுமா' பாடலைப் பாடியவர் எம்.பாலமுரளிகிருஷ்ணா, இசை கே.வி.மகாதேவன். பின்னணிக் குரலுக்கு வாயசைக்கும்போது உதடு சரியாகப் பொருந்தினாலே போதும் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். பாலையா அங்கே உதட்டை மட்டும் அசைக்கவில்லை. சங்கதி ஒவ்வொன்றும் தொண்டையிலிருந்து புறப்படுவது கழுத்தில் தெரிகிறது. பிருகா என்னும் வேகமான குரல் அசைவு ஒன்றை உதிர்த்துவிட்டு, கேட்டாயா என்பதுபோல் சபையைச் சுற்றிப் பார்க்கும் அந்தப் பார்வை, பெரிய வித்துவான்களின் கச்சேரியை முன்வரிசையில் அமர்ந்து கேட்டவர்களுக்கு நன்றாகப் பழக்கமான பார்வை. தன் கலையின் மேல் உள்ள உண்மையான தேர்ச்சியும் அதனால் தலைக்கேறிய திமிரும் ஒரே ஆளிடம் எப்படிச் சேர்ந்து வாழும் என்பதை அந்த ஒரு பாட்டில் காட்டிவிட்டார். 

பாணபத்திரராக வரும் டி.ஆர்.மகாலிங்கத்தின் மேல் நமக்கு இரக்கம் பிறப்பதற்கும் அதுவே காரணம். எதிரி வெறும் வாய்ச்சவடால் பேர்வழியாக இருந்திருந்தால், இறைவனே விறகு சுமந்து வர வேண்டிய தேவை என்ன? ஹேமநாதர் உண்மையிலேயே பெரிய வித்துவான் என்று பாலையா நம்மை நம்ப வைத்தார். அதனால்தான், விறகு விற்பவனாக வந்த சிவாஜி கணேசன் இரவில் பாடும்போது, அதைக் கேட்டு நிற்கும் பாலையாவின் முகத்தில் நடப்பது நம்மை உலுக்குகிறது. மீண்டும் கேட்கும் வேலைதான். கதை கேட்டுப் பயந்த முகம், இங்கே பாட்டுக் கேட்டுத் தோற்கிறது. முதலில் தூக்கம் கலைந்த எரிச்சல், பிறகு ஐயம், அதன்பின் தன்னை மறந்த ரசனை, கடைசியில், இவன் பாணபத்திரனிடம் சீடனாகச் சேரத் தகுதி இல்லாதவன் என்றால் அந்தப் பாணபத்திரன் எப்படிப் பாடுவான் என்ற நடுக்கம். ரசனைக்கும் நடுக்கத்துக்கும் இடையில் உள்ள அந்த ஒரு நிலையைத்தான் நான் பாலையாவின் நடிப்பில் உச்சம் என்று கருதுகிறேன். எதிரியின் பாட்டு என்று தெரிந்தும் அதை ரசிக்காமல் இருக்க முடியாதவன்தான் உண்மையான இசைக்கலைஞன். பேராணவக்காரராக நடித்துக்கொண்டே, அந்த மனிதருக்குள் இருந்த நல்ல ரசிகரையும் அவர் நமக்குக் காட்டிவிட்டுப் போனார். இதை நகைச்சுவைக் காட்சிகளின் பட்டியலில் சேர்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் வருந்துகிறது.

1967இல் கே.பாலசந்தரின் 'பாமா விஜயம்' வந்தபோது, மேஜர் சுந்தரராஜன், முத்துராமன், நாகேஷ் ஆகிய மூன்று மகன்களுக்குத் தந்தையாக, நடிகை ஒருத்தி பக்கத்து வீட்டுக்கு வந்ததும் ஆடம்பரத்தில் இறங்கிவிடும் மருமகள்களுக்கு மாமனாராக நடித்தார். குடும்பத்தில் அவர் ஒருவர்தான் கணக்குத் தெரிந்தவர். 'வரவு எட்டணா செலவு பத்தணா' என்ற பாடலை அவர் முன்னின்று நடத்திச் செல்லும் அழகைப் பார்க்கும்போது, அவரை நகைச்சுவை நடிகராகக் காண்பவர்களுக்கும் ஒரு கண்டிப்பான குடும்பத் தலைவரின் கவலை புலப்படாமல் போகாது. அதே ஆண்டு ஸ்ரீதரின் 'ஊட்டி வரை உறவு' படத்தில் வேறொரு தந்தை. இளமையில் மறைத்துவைத்த ஒரு உறவு, மகள் என்ற உரிமையோடு வீட்டுக்குள் வந்து நின்றதும், மனைவிக்குத் தெரிந்துவிடுமே என்று அவர் படும் பாடு படத்தின் பெரும்பகுதியை நகர்த்துகிறது. குற்றவாளியின் அச்சத்தைப் பற்றி நான் முன்பு சொன்னதை அந்தப் படத்தில் தெளிவாகக் காணலாம். முகத்தில் வியர்க்கிறது, பேச்சு தடுமாறுகிறது, பொய்யை மறைக்க இன்னொரு பொய் வருகிறது. பழைய படங்களில் பிடிபடும் வில்லனுக்கு நடந்தது எல்லாம் இங்கே ஒரு நல்ல மனிதருக்கு நடக்கிறது.

1968இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் நாதஸ்வர வித்துவான் சிக்கல் சண்முகசுந்தரத்தின் குழுவில் தவில்காரர் முத்துராக்குவாக பாலையா நடித்தார். நாகேஷின் வைத்தியையும் மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணியையும் நினைவில் வைத்திருக்கும் அளவுக்கு முத்துராக்குவை நாம் வைத்திருக்கவில்லை. கோபக்காரரான நாதஸ்வரக்காரரிடம் அன்பும் பயமும் உரிமையும் கலந்து பழகும் ஒரு மூத்த பக்கவாத்தியக்காரர் எப்படி இருப்பாரோ அப்படியே இருப்பார் அவர். வாசிப்பு நடக்கும்போது அவருடைய கண் தவிலின் மேல் இருப்பதைவிட, நாதஸ்வரக்காரரின் முகத்தின் மேல்தான் அதிகம் இருக்கும். நாதஸ்வரக் கச்சேரிகளைப் பார்த்தவர்களுக்கு இதன் நுட்பம் விளங்கும். குணச்சித்திர நடிகரின் தொழிலும் பக்கவாத்தியக்காரரின் தொழிலைப் போன்றதுதான். முன்னே வாசிப்பவர் எங்கே போகிறார் என்று அறிந்து, அவரைத் தாங்கவும் வேண்டும், தூக்கிவிடவும் வேண்டும், தான் தனியாக வாசிக்கும் முறை வரும்போது சபையைத் தன் பக்கம் திருப்பவும் வேண்டும்.

பாலையா 1972ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் மறைந்தார். அப்போது அவருக்கு 58 வயது நிறைவதற்கு ஒரு மாதம் இருந்தது. பாகவதர் காலத்தில் தொடங்கி, எம்.ஜி.ஆர்., சிவாஜி ஆகியோரின் உச்சகாலத்தைக் கடந்து, ரவிச்சந்திரன் போன்ற அடுத்த தலைமுறை நாயகர்கள் வரை எல்லோருக்கும் எதிரிலும் அருகிலும் நின்றவர் அவர். தேசிய விருதுகளில் சிறந்த துணை நடிகருக்கென்று ஒரு பிரிவு 1984ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் வழங்கப்பட்டது. எனவே அவருக்கும், எஸ்.வி.ரங்காராவ், எம்.ஆர்.ராதா, எஸ்.வி.சுப்பையா ஆகியோருக்கும் அவர்கள் செய்த வேலைக்கு நேரான ஒரு தேசிய விருது அவர்கள் காலத்தில் இருக்கவே இல்லை. அவருடைய மகன் ஜூனியர் பாலையா தந்தையின் பெயரையே தன் பெயராக ஏற்று நெடுங்காலம் நடித்து, 2023 நவம்பரில் காலமானார். அப்போது வந்த இரங்கல் செய்திகளில் தந்தையின் பெயரும் சில வரிகளில் இடம்பெற்றது, அதோடு நின்றுவிட்டது.

பழைய நடிகர்களைப் பற்றி எழுதும்போது நமக்கு ஒரு நியாயமான தடை இருக்கிறது. முப்பதுகளில் வெளிவந்த தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவற்றின் பிரதிகளே இன்று இல்லை. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' கூட நம்மிடம் இல்லாதபோது, பாலையாவின் தொடக்க காலத்தை யார் பார்த்து மதிப்பிடுவது? இதனால் ஒரு நடிகரின் வாழ்க்கையில் எஞ்சியிருக்கும் பகுதியே அவருடைய முழு வாழ்க்கை என்று ஆகிவிடுகிறது. எஞ்சியதிலும் வண்ணத்தில் வந்ததும் சிரிக்க வைப்பதும் மட்டும் மேலே மிதக்கின்றன. படம் இல்லாத இடத்தை எழுத்துதான் நிரப்ப வேண்டும். அக்காலப் பத்திரிகைகளில் வந்த விமர்சனங்கள், பாட்டுப் புத்தகங்கள், நாடக நோட்டீஸ்கள் ஆகியவை சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. தங்கள் இதழின் பழைய தொகுப்புகளிலும் எவ்வளவோ இருக்கக்கூடும்.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். பழைய படங்களின் நிழற்படங்களை வெளியிடும்போது, நாயகன், நாயகி பெயர்களோடு நிறுத்திவிடாமல், படத்தில் இருக்கும் மற்றவர்களின் பெயரையும் அவர்கள் ஏற்ற வேடத்தையும் ஆண்டையும் குறிப்பிடுங்கள். நாயகனுக்குப் பின்னால் நிற்பவர் யார் என்று பேரப்பிள்ளைகள் கேட்கும்போது, பதில் சொல்ல இன்று வீட்டில் ஆள் இல்லை. அடுத்து, பாய்ஸ் கம்பெனிகளின் கடைசித் தலைமுறையிடம் பாடம் கேட்ட நாடகக் கலைஞர்கள் மதுரையிலும் புதுக்கோட்டையிலும் இன்னும் மேடையேறுகிறார்கள். அவர்களில் மூத்தவர்களைச் சந்தித்து, அந்த மேடையில் என்ன கற்பிக்கப்பட்டது, எப்படிக் கற்பிக்கப்பட்டது, குரல் உடைந்த பிள்ளைகள் என்ன ஆனார்கள், ஒத்திகை இல்லாமல் எதிராளிக்கு எப்படிப் பதில் கொடுத்தார்கள் என்பதையெல்லாம் அவர்கள் வாய்மொழியாகவே கேட்டு ஒரு தொடராக வெளியிடுங்கள். வயது முதிர்ந்தவர்கள் என்பதால், இதை வரும் ஆண்டுக்கு என்று தள்ளிவைக்காமல் இப்போதே தொடங்க வேண்டும். அந்தத் தொடரின் முதல் பகுதியை டி.எஸ்.பாலையாவைப் பற்றி எழுத நேர்ந்தால், 'சதி லீலாவதி'யிலிருந்தே தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்